பெரிய கேம்பரைச் சுமக்க எந்த டீசல் டிரக் வாங்குவது?

கனடாவின் கால்கரியில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "பதினொன்றரை அடித் தளமும், நிறுத்திய பிறகு வெளியே நீட்டிக்கொள்ளும் ஸ்லைடு-அவுட்டுகளும் உள்ள பெரிய கேம்பர் (டிரக்கின் மேல் ஏற்றிச் செல்லும் குட்டி வீடு) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் ராக்கி மலைகளுக்கும், பிறகு யூகானுக்கும் போக ஆசை. விற்பனையாளர் ஒருவர் ஃபோர்டு எஃப்-250 டீசல் டிரக்கைக் காட்டி, இந்த என்ஜின் வீட்டையே இழுக்கும், கவலைப்படாதீர்கள் என்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம். அது நல்ல வண்டிதான். அந்தக் கேம்பருக்கு ஏற்ற வண்டியில்லை. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் என்ஜின் உண்மையிலேயே வீட்டை இழுக்கும். நீங்கள் வீட்டை இழுக்கப் போவதில்லையே, முதுகில் ஏற்றிக்கொண்டு அல்லவா போகப் போகிறீர்கள்! டிரெய்லரின் எடையில் பெரும்பகுதியை அதன் சொந்தச் சக்கரங்களே தாங்குகின்றன. டிரக்கின் தொட்டியில், அதாவது பின்புறச் சரக்குப் பகுதியில், இறக்கி வைக்கும் கேம்பருக்குச் சக்கரம் கிடையாது. அதன் எடை முழுவதும் டிரக்கின் ஸ்பிரிங்கிலும் பின் அச்சிலும் பின் டயர்களிலும் இறங்குகிறது. ஆகவே விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுதிறனையும் குதிரைத்திறனையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய எண் சுமைதிறன் ஒன்றுதான்.

அந்த எண் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அந்தத் தாள் சொல்லும். எஃப்-250 வண்டிகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு (வண்டியும் சுமையும் சேர்த்து) 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ. நான்கு கதவு, எட்டடித் தொட்டி, நான்கு சக்கர இயக்கம், டீசல் என்ஜின் எல்லாம் சேர்ந்தால் வெறும் வண்டியே 7,500 பவுண்டை நெருங்கிவிடும். எனவே தாளில் பெரும்பாலும் 2,000 முதல் 2,500 பவுண்டு வரைதான் எழுதியிருக்கும். நீங்கள் பார்த்த அளவிலான கேம்பர்கள், உதாரணமாக லான்ஸ் 1172 அல்லது ஈகிள் கேப் 1200, தண்ணீர்கூட ஊற்றாமலேயே 4,000 பவுண்டைத் தாண்டுபவை. நீங்கள் நால்வரும் ஏறுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது.

இங்கே ஒரு வாதம் வரும். "எஃப்-250, எஃப்-350 இரண்டுக்கும் சட்டமும் (ஃபிரேம்) என்ஜினும் ஒன்றுதான், ஒட்டியிருக்கும் தாள்தான் வேறு" என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. 10,000 பவுண்டு என்பது அமெரிக்காவில் வாகன வகுப்பு மாறும் எல்லை. அதைத் தாண்டாமல் இருப்பதற்காகவே எஃப்-250 போன்ற பல முக்கால் டன் வகை வண்டிகளுக்கு அந்த வரம்பைக் குறித்திருக்கிறார்கள். பின் ஸ்பிரிங்கில் வேறுபாடு இருந்தாலும் பல பாகங்கள் பொதுவானவை. ஆனால் தாளைக் கிழித்துப் போட்டாலும் டயர் மாறாது. இந்த வண்டிகளில் பரவலாக வரும் எல்டி275/70ஆர்18, இ வகை டயர் ஒன்று 80 பி.எஸ்.ஐ. காற்றில் 3,640 பவுண்டு தாங்கும். பின்னால் இரண்டு டயர். ஆக 7,280 பவுண்டு. காலி டீசல் டிரக்கின் பின் அச்சிலேயே 3,000 பவுண்டுக்கு மேல் இருக்கும். மிஞ்சுவது ஏறக்குறைய 4,000. பெரிய கேம்பரோ கிட்டத்தட்ட முழு எடையையும் பின் அச்சின் மேல்தான் வைக்கும். இது எஃப்-350இன் ஒற்றைச் சக்கர வண்டிக்கும், ராம், செவ்ரலே, ஜி.எம்.சி. ஆகியவற்றின் ஒற்றைச் சக்கர 3500 வண்டிகளுக்கும் அப்படியே பொருந்தும். வெயில் காய்ந்த ஜூலையில், வரம்புக்கு மேல் சுமையோடு, நெடுஞ்சாலை வேகத்தில் பின் டயர் ஒன்று வெடித்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உள்ளே உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி கேம்பரின் உண்மையான எடை. நிறுவனம் அச்சிடும் வெற்று எடையை நம்பித் திட்டம் போட்டவர்கள் பலர் பின்னால் வருந்தியிருக்கிறார்கள். அந்த எண்ணில் தண்ணீர் இல்லை. கூடுதலாகப் பொருத்திய குளிர்சாதனமோ ஜெனரேட்டரோ வெய்யில் மறைப்போ பெரும்பாலும் இல்லை. 4,000 பவுண்டு என்று எழுதியிருக்கும் கேம்பரை எடுத்துக்கொள்வோம். பொருத்திய கூடுதல் சாதனங்களுக்கு 300. ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 50 கேலன் தொட்டி நிரம்பினால் 417. இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள் 75. பேட்டரிகள் 150. துணி, பாத்திரம், அரிசி, பருப்பு, படுக்கை, கருவிப் பெட்டி, மடக்கு நாற்காலி என்று ஒரு குடும்பம் ஏற்றுவது 500க்குக் குறையாது. கேம்பரைச் சட்டத்தோடு கட்டும் சாதனங்களுக்கும் அடியில் விரிக்கும் ரப்பர் பாய்க்கும் 150. நீங்கள் நால்வரும் 550. கூட்டினால் 6,100 பவுண்டைத் தாண்டுகிறது. கிலோவில் சொன்னால் 2,780.

இந்த எண் வந்ததும் பேச்சு டூயலியை நோக்கித்தான் போகும். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர் உள்ள, எஃப்-350 போன்ற 'ஒரு டன்' வகை வண்டியைத்தான் அங்கே டூயலி என்கிறார்கள். ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவ்ரலே சில்வராடோ 3500, ஜி.எம்.சி. சியரா 3500 எதை எடுத்தாலும் இன்றைய டூயலியின் மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு வரை, அதாவது 6,350 கிலோ வரை போகிறது. நான்கு டயர் என்பதால் எடை தாங்குவது மட்டுமல்ல, ஆட்டமும் குறைகிறது. கேம்பர் ஏற்றிய வண்டி பன்னிரண்டு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். எடையும் உயரத்தில் இருக்கும். தெற்கு ஆல்பர்ட்டாவில் பின்ச்சர் கிரீக் பக்கம் மலை இடுக்கிலிருந்து வீசும் பக்கக்காற்றை ஒருமுறை அனுபவித்தவருக்கு அகன்ற பின்தடத்தின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் டூயலி என்றதும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நான்கு கதவு, நீளத் தொட்டி, நான்கு சக்கர இயக்கம், டீசல் எல்லாம் சேர்ந்த டூயலி காலியாகவே 8,500 பவுண்டை ஒட்டி நிற்கும். 14,000இலிருந்து கழித்தால் மிச்சம் 5,500. நம் கணக்கோ 6,100க்கு மேல். விளம்பரத்தில் எஃப்-350க்கு 8,000 பவுண்டு, ராம் 3500க்கு 7,680 பவுண்டு என்று போட்டிருப்பார்கள். அந்த உச்ச எண்கள் இரண்டு கதவுச் சிறு கேபினும் பெட்ரோல் என்ஜினும் உள்ள வண்டிக்கு உரியவை. தோல் இருக்கை, கூரைக் கண்ணாடி, மின்சாரப் படிக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது சுமைதிறன் குறைந்துகொண்டே வரும். ஆகவே விலையுயர்ந்த ரகத்தைவிட, வேலைக்கென்று விற்கும் அடிப்படை ரகமே அதிகம் சுமக்கும். ஃபோர்டில் எக்ஸ்.எல்., ராமில் டிரேட்ஸ்மேன் என்று அவை வரும். புதிதாக வாங்கினால் ஃபோர்டின் விருப்பப் பட்டியலில் உள்ள கேம்பர் பேக்கேஜை மறக்காமல் கேளுங்கள்.

டீசலா, பெட்ரோலா என்பதை இந்த இடத்தில்தான் கேட்க வேண்டும். டீசல் என்ஜினும் அதைச் சார்ந்த குளிர்விப்பு, புகை சுத்திகரிப்புச் சாதனங்களும் பெட்ரோலைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல். அந்த எடை உங்கள் சுமைதிறனிலிருந்துதான் போகிறது. டீசல் வாங்கினால் அதிகம் சுமக்கலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் நடப்பது இதற்கு நேர் எதிர். டீசலின் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மலை ஏறும்போது காற்று மெலிய மெலிய, டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பலத்தை இழக்கும். கொலராடோவின் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது; அங்கே அந்த என்ஜின் மூன்றில் ஒரு பங்கு பலத்தைத் தொலைத்திருக்கும். டர்போ டீசலுக்கு அந்த இழப்பு மிகக் குறைவு.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் டீசல் எனக்கு மிகவும் பிடிக்கும். டர்போவின் இதழ்களை மூடிப் புகைபோக்கில் அழுத்தத்தை உண்டாக்கி, என்ஜினையே தடையாக மாற்றும் எக்ஸாஸ்ட் பிரேக் இன்றைய ஃபோர்டு, ராம், ஜி.எம். (செவ்ரலே, ஜி.எம்.சி. இரண்டின் தாய் நிறுவனம்) ஆகிய மூன்று நிறுவன டீசல்களிலும் உண்டு. கிக்கிங் ஹார்ஸ் கணவாயைத் தாண்டிக் கோல்டன் நகரை நோக்கி இறங்கும்போது, ஆறு டன் வண்டியை பிரேக் மிதியை அவ்வப்போது தொட்டாலே போதும் என்ற அளவில் அது பிடித்து வைக்கும். பிரேக் சூடேறி மங்கும் பயம் வெகுவாகக் குறையும். குடும்பத்தோடு மலைப்பாதையில் போகிறவருக்கு டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த ஒன்றுக்கே தகும் என்பது என் கருத்து.

அதற்காக டீசல் எல்லாருக்கும் பொருந்தாது. 2007க்குப் பிறகு வந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நீண்ட ஓட்டத்தில் சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்குமாகக் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். புகையைச் சுத்தமாக்கப் பயன்படும், யூரியா கலந்த டி.இ.எஃப். திரவம் −11 டிகிரி செல்சியஸில் உறையும். தொட்டியில் சூடேற்றி இருப்பதால் வண்டி ஓட அது தடையாகாது. கால்கரிக் குளிரில் என்ஜின் சூடேற்றியை இரவில் மின்சாரத்தில் செருகுவதும், குளிர்கால டீசலையே நிரப்புவதும் பழக்கமாக வேண்டும். கோடையில் இரண்டு பயணம், மற்ற நாளெல்லாம் வாசலில் நிற்கும் என்றால், ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினைத் தயங்காமல் பாருங்கள். அதே டூயலியில் அது பல நூறு பவுண்டு சுமைதிறனைத் திருப்பித் தரும். உங்கள் கணக்கில் பற்றாக்குறையே 600 பவுண்டுதான் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த நிறுவனம் என்று கேட்டால், புதிய வண்டிகளில் மூன்றும் இந்த வேலைக்குப் போதுமானவை. போதும் என்பதற்கு மேலேயே பலம் இருக்கிறது. ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்ஜின். 2025 முதல் 430 குதிரைத்திறன், 1,075 பவுண்டு-அடி முறுக்குவிசை, எட்டு கியர். ஜி.எம்.மின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் 2024 முதல் 470 குதிரைத்திறன். ஃபோர்டு 475, உயர்பலப் பதிப்பில் 500. இந்த வேறுபாடுகளை வைத்து மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள்; கேம்பர் சுமப்பவருக்கு அதில் பெரிய பயன் இல்லை. அருகில் எந்த நிறுவனத்தின் பணிமனை நன்றாக வேலை செய்கிறது என்பதை அதைவிட முக்கியமாகக் கருதுவேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2014 முதல் ராம் 2500இல் பின்னால் சுருள் ஸ்பிரிங். காலி வண்டியில் சொகுசாக இருக்கும். பெரிய கேம்பருக்குப் பட்டை ஸ்பிரிங் உள்ள 3500தான் வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதானால் ஆண்டு முக்கியம். 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டின் 6.0 லிட்டர் டீசல் ஹெட் கேஸ்கெட், இ.ஜி.ஆர். கூலர் (என்ஜினுக்குள் திருப்பி விடும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கோளாறுகளுக்குப் பெயர்போனது. முழுதாகச் சீர்செய்த ரசீதுகள் இல்லாமல் தொடாதீர்கள். 2001 முதல் 2004 வரையிலான டியூராமேக்ஸில் இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) தொல்லை. 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸ், 2011 முதலான ஃபோர்டு 6.7, 2019, 2020 ராம் ஆகியவற்றில் சி.பி.4 என்ற உயரழுத்த எரிபொருள் பம்ப் இருக்கிறது. அது உடைந்தால் உலோகத் தூள் எரிபொருள் பாதை முழுவதும் பரவி, இன்ஜெக்டர் வரை மாற்ற வேண்டிய பெரும் செலவாகிவிடும். ராம் அந்த இரண்டு ஆண்டு வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பம்பை மாற்றித் தந்தது. வாங்கும் வண்டியில் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று வாகன எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். 2007க்கு முந்தைய 5.9 கம்மின்ஸை நான் மிகவும் மதிக்கிறேன், எளிமையான என்ஜின். ஆனால் அந்தக் காலத்து டூயலிகளின் மொத்த எடை வரம்பு அதிகபட்சம் 13,000 பவுண்டு அளவில்தான். என்ஜின் இன்னும் பல ஆண்டு ஓடும் என்பதால் சட்டமும் ஸ்பிரிங்கும் 14,000 தாங்கிவிடாது. சாலையில் உப்பு தூவும் மாகாணத்து வண்டியானால் முதலில் அடியில் படுத்துச் சட்டத்தில் துரு பாருங்கள். என்ஜினைப் பிறகு பார்க்கலாம்.

எஃப்-450 வாங்கினால் கவலையே இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். பிக்கப் உருவில் வரும் எஃப்-450க்கும் வரம்பு அதே 14,000 பவுண்டுதான். வண்டியோ எஃப்-350ஐவிடக் கனமானது. ஆகவே தாளில் சுமைதிறன் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 19.5 அங்குல டயர், பெரிய பிரேக், அகன்ற முன் அச்சினால் குறுகிய இடத்தில் திரும்பும் வசதி ஆகியவை அதன் உண்மையான நன்மைகள். எண்ணுக்காக வாங்குவதானால், தொட்டியில்லாமல் விற்கும் ராம் 5500, எஃப்-550 போன்ற சேசிஸ் வண்டிகளில் தட்டையான தளம் போட்டு ஏற்றலாம். எஃப்-550இல் மொத்த எடை வரம்பு 19,500 பவுண்டு வரை போகும். அவை சரக்கு லாரிபோலக் குலுக்கும், குடும்பப் பயணத்துக்கு எல்லாருக்கும் ஒத்துவராது.

தொட்டியின் நீளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெரிய கேம்பருக்கு எட்டடித் தொட்டிதான். கேம்பரின் எடைமையம் எங்கே என்பதை உற்பத்தியாளர் கேம்பரிலேயே குறித்திருக்க வேண்டும். அந்தப் புள்ளி பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால் முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங் பிடி இழக்கும். ஸ்லைடு-அவுட், குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒரே நீளமுள்ள இரண்டு கேம்பர்களில்கூட இந்தப் புள்ளி மாறும்.

காற்றுப் பைகள், கூடுதல் ஸ்பிரிங், தடித்த ஆட்டத்தடைக் கம்பி ஆகியவற்றை விற்கும் கடைக்காரர் இவை போட்டால் எஃப்-250யே போதும் என்பார். இவை வண்டியை நேராக நிற்க வைக்கும், ஆட்டத்தைக் குறைக்கும். வரம்புக்குள் இருக்கும் டூயலியில் நானே இவற்றைப் பரிந்துரைப்பேன். டயரின் தாங்குதிறனையோ அச்சின் வரம்பையோ பிரேக்கையோ இவை ஓர் இம்மிகூட உயர்த்துவதில்லை. கட்டும் சங்கிலிகளைத் தொட்டியின் தகட்டில் மாட்டாமல் சட்டத்தில் பொருத்திய கொக்கிகளில் மாட்டுங்கள். 2017 முதல் ஃபோர்டின் தொட்டி அலுமினியம் என்பதால் இது மேலும் அவசியம்.

டூயலியோடு வாழ்வதில் சில தொல்லைகள் உண்டு. பின்பக்கம் எட்டடி அகலம். நகர வாகன நிறுத்தங்களில் இடம் தேட வேண்டும். உள் டயரில் காற்றுப் பார்ப்பது எரிச்சலான வேலை, நீட்டுக்குழாய் போட்டுக்கொள்ளுங்கள். டெம்ப்ஸ்டர் போன்ற சரளைச் சாலையில் இரண்டு டயர்களுக்கு நடுவே கல் சிக்கும். நிறுத்தும்போதெல்லாம் பார்த்து எடுத்துவிட வேண்டும். கேம்பரை வண்டியிலிருந்து தூக்கி நிறுத்தும் முன் ஜாக்கிகள் அகன்ற சக்கர வளைவைத் தாண்டி நிற்க, வெளியே விரியும் தாங்கிகளும் வேண்டும். கேம்பருக்கு விலை பேசும்போதே அவற்றைச் சேர்த்துக் கேளுங்கள்.

வாங்கும் வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். கேம்பரை முதலில் முடிவு செய்து, நிரப்பிய எடையைக் கணக்கிட்டு, அதற்கு வண்டி தேடுங்கள். 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளில் சுமைதிறன் தாள் கட்டாயமில்லை. ஆகவே டீசல் தொட்டியை நிரப்பி, நெடுஞ்சாலையோர லாரி நிலையத்தில் உள்ள எடைமேடைக்கு வண்டியை ஓட்டிச் சென்று, முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கதவில் குறித்திருக்கும் அச்சு, மொத்த எடை வரம்புகளிலிருந்து கழித்தால் உண்மை தெரிந்துவிடும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் நிலைக்கு நான் முதலில் சொல்வது, ஸ்லைடு-அவுட் இல்லாத கேம்பரைப் பாருங்கள் என்பதுதான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கெலோனாவில் செய்யும் நார்தர்ன் லைட், ஆம்ஸ்ட்ராங்கில் செய்யும் பிக்ஃபுட் இரண்டும் ஃபைபர் கிளாஸ் ஓடு கொண்டவை, குளிர் தாங்குபவை. வெற்று எடை 3,000 பவுண்டை ஒட்டிய மாதிரிகள் அவற்றில் உண்டு. அப்போது கணக்கு 5,100க்கு இறங்கி, நான்கு கதவு டீசல் டூயலிக்குள் அடங்கிவிடும். அந்த எஃப்-250தான் வேண்டும் என்றால் கேம்பரை விட்டுவிட்டு 7,000 பவுண்டு டிரெய்லர் ஒன்றை வாங்குங்கள். அதன் முன்கொக்கி எடை 850 பவுண்டு அளவில்தான் வண்டியின்மேல் இறங்கும். உங்கள் நால்வரின் 550ஐயும் இணைப்புச் சாதனங்களையும் சேர்த்தாலும் கதவுத் தாளின் வரம்புக்குள் இடம் மிஞ்சும். முகாமில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு ஏரிக்கோ கடைக்கோ வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகவும் முடியும்.